நல்லுணவும் தவக்குலும்

நோய் பரவும் காலத்தில் சத்துணவு தேடுவது தவக்குலுக்கு மாறானதா என்று கேட்கிறார்கள். மாறானதன்று, உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தேனும் கருஞ்சீரகமும் நமக்குப் பரக்கத்தான உணவுகள்தாம். அவற்றை உண்டவரைக் கொரோனா தொற்றாது என்று சொல்ல ஆதாரமில்லை. புரதச் சத்துக் குறைந்தால் எதிர்ப்புச் சக்தி குன்றும் என்பதோ உறுதி.

அப்படியானால் அண்டை வீட்டாரின் உடல்? 2020 ரமளானில் தமிழகத்துப் பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்த்து ஒரே அண்டாவில் காய்ச்சி, ஏழை பணக்காரர் பாராமல் ஊற்றிய நோன்புக் கஞ்சி நின்றது. அரசு தந்த கஞ்சி அரிசி வீடுகளுக்குப் போயிற்று. பருப்பை அவரவர் வாங்க வேண்டியிருந்தது. வேலையிழந்த கூலித் தொழிலாளி எதைக் கொண்டு வாங்குவார்? வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். நாம் வாங்கும் ஒரு தேன் புட்டியின் விலையில் அவர் வீட்டுக்குச் சில நாள் பருப்பு வாங்கலாம்.