ஆண் கன்றின் கணக்கு

மைசூரில் சைவச் சாப்பாட்டின் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் பேச்சு வெண்ணெயிலும் நெய்யிலும்தான் போய் நிற்கும். நசர்பாத் மைலாரி தோசை மெத்தென்று இருக்கும், உள்ளே சாகு இருக்கும். ஆனால் ஊர் முழுக்கப் பேசுவது அதன் மேல் வைக்கும் ஓர் உருண்டை வெண்ணெயைப் பற்றி. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா செய்ததாகச் சொல்லப்படும் மைசூர்பாகில் கடலைமாவும் சர்க்கரையும் நெய்க்கு இடம் கொடுக்கவே வந்தவை போலத் தோன்றும். இப்படிச் சாப்பிடும் குடும்பங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: எங்கள் இலையில் உயிர்க்கொலை இல்லை. அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். உயிரைக் கொல்லாமல் வாழ முடிந்த அளவு வாழ்வோம் என்பது மனிதர்கள் எடுத்த மிக உயர்ந்த முடிவுகளில் ஒன்று. மதிப்பதனாலேயே அது உண்மையா என்று பார்க்கவும் வேண்டியிருக்கிறது. பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இது: கொல்லாமைக்காக இறைச்சியை விட்டவர், அதே காரணத்துக்காகப் பாலையும் விட்டாக வேண்டும். பாலை விட மனமில்லை என்றால், இறைச்சியை விட்டதற்கு உண்மையான காரணம் கொல்லாமைதானா என்ற கேள்வி எழும்.

பசு கன்று போட்டால்தான் பால் கறக்கும். ஏறக்குறைய ஒன்பது மாதம் சினை, பிறகு சுமார் பத்து மாதக் கறவை. கறவை வற்றுவதற்குள் மறுபடி சினை. இந்தச் சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு கன்று பிறக்கிறது. சரிபாதி கன்றுகள் ஆண். இயற்கை அதில் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் எருமை நீங்கலாக மாடுகள் 19.25 கோடி. அவற்றில் பெண் மாடுகள் ஏறத்தாழ 14.5 கோடி. மூன்று பசுவுக்கு ஒரு காளைகூடச் சரியாக வரவில்லை. 2012ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் பசுக்கள் 18 சதவீதம் கூடியிருக்கின்றன, ஆண் மாடுகள் சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கின்றன. சமமாகப் பிறந்த கூட்டத்தில் ஒரு பாதி எங்கே போயிற்று? சில கன்றுகள் பால் மறுக்கப்பட்டு முதல் சில வாரங்களிலேயே செத்துவிடுகின்றன, சில தெருவில் விடப்படுகின்றன, மிச்சம் கை மாறிக் கை மாறி வெட்டுக்குப் போகின்றன. கன்று செத்த வீட்டில் அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்து, தாய்ப் பசுவின் முன்னால் நிறுத்தும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பசு அதை நக்கிக் கொடுக்கும், மடி சுரக்கும், கீழே பாத்திரம் நிறையும். நம் வீட்டுக் காலைக் காப்பியோடு அந்த வைக்கோல் கன்றுக்கு உறவு இருக்கிறது.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. மைசூரின் வரலாறே அதற்குச் சான்று. சிக்கதேவராஜ உடையார் காலத்தில் ‘பெண்ணெ சாவடி’ என்ற பெயரில் அரண்மனை மாட்டு மந்தைக்கென்று ஒரு துறை இருந்தது. அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் கொடுத்த அதே மந்தையின் காளைகள்தான் படையின் சுமையை இழுத்தன. திப்பு அதற்கு அம்ருத மகால் என்று பெயர் மாற்றினார். அங்கே ஆண் கன்றுக்குப் பசுவைவிட மதிப்பு அதிகம். உழவிலும் அப்படித்தான். ஹள்ளிக்கார் காளை ஜோடி ஒன்று வீட்டு முற்றத்தில் நின்றால் அந்த வீட்டின் அந்தஸ்தே வேறு. சுஞ்சனகட்டே மாட்டுச் சந்தையில் இன்றும் அந்தப் பெருமையின் மிச்சத்தைப் பார்க்கலாம். ஆண் கன்றுக்கு வேலை இருந்தவரை, பால் குடிப்பவர் அந்தக் கன்றின் சாவுக்குப் பொறுப்பாளி ஆகவில்லை, அல்லது இவ்வளவு நேரடியாக ஆகவில்லை. டிராக்டர் வந்தது. பால் தேவை பெருகி, கலப்பினப் பசு வந்தது. அதன் ஆண் கன்று ஏருக்கும் தோதுப்படாது. நாட்டின் பால் உற்பத்தி 2023-24இல் ஏறத்தாழ 24 கோடி டன். நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பாலைப் பற்றிய எண்ணத்தை அப்படியே வைத்துக்கொண்டு இந்தக் காலத்துப் பாலைக் குடித்துவருகிறோம்.

சட்டம் போட்டால் தீருமே என்பார்கள். கர்நாடகம் சட்டம் போட்டுப் பார்த்துவிட்டது. 1964ஆம் ஆண்டின் சட்டம் பன்னிரண்டு வயது தாண்டிய காளையையும் எருமையையும் சான்றிதழ் பெற்று வெட்ட அனுமதித்தது. 2020ஆம் ஆண்டின் புதிய சட்டம் பதின்மூன்று வயது தாண்டிய எருமை ஒன்றைத் தவிர வேறு எதற்கும் அனுமதி தரவில்லை. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. ஆனால் பால் வாங்குவதை எந்தச் சட்டமும் குறைக்கவில்லை, குறைக்க நினைக்கவும் இல்லை. கன்றுகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. விற்க வழியில்லாத உழவர் ஆண் கன்றுக்கும் வற்றிய பசுவுக்கும் தீனி எங்கிருந்து போடுவார்? சாமுண்டி மலையடிவாரத்துப் பிஞ்சராபோல் போன்ற காப்பகங்கள் நல்ல மனத்தோடு நடக்கின்றன. ஆனால் நாடு முழுவதும் தெருவில் திரியும் மாடுகள் மட்டும் 2019 கணக்கில் 50 லட்சம். எருமையின் கதை இன்னும் வெளிப்படை. நாட்டின் பாலில் ஏறக்குறைய பாதி எருமைப்பால், மாட்டிறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று இந்தியா, போவது எருமை இறைச்சி. பால் ஒரு தொழில், இறைச்சி இன்னொரு தொழில் என்று நாம் பிரித்துப் பேசினாலும் இரண்டுக்கும் தொழுவம் ஒன்றுதான்.

வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வைக்கும் வாதம் ஒன்று எந்தப் பொருளியல் பாடத்துக்கும் குறைந்ததன்று. தின்பதற்காக உலகம் கொல்லாதிருந்தால், விலைக்கு ஊன் தருவாரும் இருக்க மாட்டார் என்பது அதன் கருத்து. வெட்டியவன் மேல் பழியைப் போட்டுவிட்டு வாங்கியவன் தப்ப முடியாது. இந்த நீதியைச் சைவர்கள் இறைச்சி உண்பவரிடம் சொல்லி வந்திருக்கிறார்கள். பாலுக்கும் அதே நீதி பொருந்தும். இன்னும் ஒரு படி கடுமையாகவே பொருந்தும் என்பேன். ஏனென்றால் நம் நாட்டில் பாலைக் குடிப்பவர் ஒருவராகவும், வற்றிய மாட்டை ஓட்டிச் செல்பவர், வெட்டுபவர், தோல் உரிப்பவர் வேறொருவராகவும் இருக்கிறார்கள். இதைச் சாதியும் மதமும் பங்கு பிரித்து வைத்திருக்கின்றன. வெண்ணெயின் சுவை ஒரு தெருவுக்கு, கொலையின் பழி இன்னொரு தெருவுக்கு. மாடு ஏற்றிய வண்டியை மறித்து அடிப்பவர்கள் அன்று காலை குடித்த பாலை நினைத்துப் பார்ப்பதில்லை. எனக்குப் பாலை விடுவதற்கான காரணங்களில் முதன்மையானது இதுவே. நான் அனுபவிக்கும் ஒன்றின் பழியை இன்னொருவர் தலையில் ஏற்றக் கூடாது.

இந்த இடத்தில் வரும் எதிர்வாதம் மிகக் கனமானது. சைவ உணவே இந்நாட்டில் மேல்சாதியின் ஆயுதமாக இருந்திருக்கிறதே, நீ அதை இன்னும் கூர்தீட்டுகிறாயா என்பது. கேட்பவர்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. கர்நாடகத்தில் சைவம் உண்பவர் ஐந்தில் ஒருவர்தான், தமிழ்நாட்டில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஆனால் ‘சைவம் மட்டும்’ என்று வாடகை வீட்டு வாசலில் எழுதிப்போடும் துணிவு அந்தச் சிறுபான்மைக்கு இருக்கிறது. அந்தப் பலகையின் பொருள் எல்லோருக்கும் தெரியும், அது சமையலைப் பற்றியது மட்டுமன்று. 2024 டிசம்பரில் மைசூருக்குப் பக்கத்து மண்டியாவில் 87ஆவது அகில பாரத கன்னட சாகித்திய சம்மேளனம் நடக்கவிருந்தபோது, கடைகளுக்கான விதிகளில் புலால் உணவை மதுவோடும் புகையிலையோடும் ஒரே வரிசையில் வைத்துத் தடை செய்தார்கள். மண்டியா மண்ணின் விருந்தே பாடூட்டம், கறி விருந்துதான். தங்கள் தாய் சமைத்ததைப் போதைப்பொருளோடு சேர்த்து எழுதியிருந்ததைப் படித்தவர்கள் கொதித்தெழுந்தது நியாயம். அந்த விதியை எழுதியவர்களுக்கு ஆட்டின் உயிர் ஒரு கவலையாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அதே பந்தியில் மோரும் நெய்யும் தாராளமாக ஓடுவதில் அவர்களுக்குத் தடை இல்லையே. தூய்மை வேறு, இரக்கம் வேறு. தூய்மை அடுத்தவர் தட்டைப் பார்க்கும். இரக்கத்துக்கு முதல் வேலை தன் தட்டில்தான். பாலை விடுகிறவருக்கு இந்தச் சாதிப் பெருமை ஒட்டவும் ஒட்டாது. நெய்யில்லாத, பஞ்சாமிர்தம் வாங்காத, மோர் ஊற்றாத ஒருவரை எந்த அக்கிரகாரமும் தன் ஆள் என்று கொண்டாடப் போவதில்லை.

பள்ளி முட்டை விஷயத்திலும் என் நிலை இதிலிருந்துதான் வருகிறது. 2021 டிசம்பரில் கர்நாடக அரசு வடகிழக்கு மாவட்டங்களின் பள்ளி மதிய உணவில் முட்டை தரத் தொடங்கியதும் சில மடாதிபதிகள் எதிர்த்தார்கள். வேண்டாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் இருந்தது, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஊட்டம் குறைந்த ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுப்பது எந்தக் கொல்லாமையிலும் சேராது. உயிரிரக்கத்தைத் தம் வாழ்வின் ஒரே சொல்லாகக் கொண்ட வள்ளலார் 1867இல் வடலூரில் முதலில் ஏற்றியது அடுப்பை. பசித்தவருக்குச் சோறு போடும் தருமசாலை அது. புலாலை மறுத்தவர்தான், ஆனால் பசியைப் போக்குவதையே சீவகாருணியத்தின் அடிப்படையாக வைத்தார். தெரிவு இருப்பவர்கள்தான் விட முடியும், விட வேண்டும். தெரிவே இல்லாதவர்களிடம் போய் நோன்பு கற்பிப்பது அநியாயம்.

உடம்பு தாங்குமா என்பது அடுத்த கேள்வி. காந்தியே தோற்றாரே என்பார்கள். 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டவர், பிறகு இந்தியாவில் கடும் நோயில் விழுந்து, விரதம் எடுத்தபோது நினைத்தது பசுவும் எருமையும்தான் என்று ஆட்டுப்பாலுக்கு இறங்கினார். விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டோம் என்ற வருத்தம் அவரை விடவே இல்லை. அவர் காலத்தில் இல்லாத ஒன்று இன்று நமக்கு இருக்கிறது. பி12 வைட்டமின் பிரித்தெடுக்கப்பட்டது அவர் இறந்த 1948ஆம் ஆண்டில்தான். அவர் நோய்க்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைக்காத முக்கியச் சத்து அதுதான், அதை நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன, இன்று மாத்திரையாக வாங்கலாம். பாலை விடுபவர் அதைப் போட்டுக்கொண்டே ஆக வேண்டும், இதில் சமாதானம் பேசக் கூடாது. நரம்பு பாதித்த பிறகு வருந்திப் பயனில்லை. சுண்ணாம்புச் சத்துக்கு நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அதே எடைப் பாலில் சுமார் 120. கேழ்வரகில் உள்ளது அத்தனையும் உடம்பில் சேராது என்பது உண்மை. முளைகட்டினால் கொஞ்சம் கூடும்.

இதற்காக வெளிநாட்டுப் பாதாம் பாலைத் தேட வேண்டியதில்லை. மைசூரின் கோகுலம் பகுதியில் யோகம் படிக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காகத் திறந்த உணவகங்களைப் பார்த்து, இது பணக்காரர் பழக்கம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மைசூரைச் சுற்றிய கிராமத்துச் சமையலைப் பார்க்கட்டும். கீரையையும் பருப்பையும் வேகவைத்து, நீரை வடித்து, அந்த நீரில் மசாலை அரைத்துக் கரைத்தால் பஸ்ஸாரு. வெந்த கீரையைத் தாளித்தால் பொரியல். பக்கத்தில் சூடான களியுருண்டை. கொள்ளுச் சாறு, உப்புச்சாறு, மார்கழி தை மாதங்களில் ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கிய அவரைப் பருப்புக் குழம்பு. எதிலும் ஒரு சொட்டுப் பால் தேவையில்லை. ஏழைகளின் அன்றாடச் சாப்பாடாக இது நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறது. மைசூரிலேயே செலுவாம்பா மாளிகையில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில், முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியனின் குழு நிலக்கடலையிலிருந்து பாலும் தயிரும் செய்ய முயன்றது. கடலைப் புரதத்தைப் பாலோடு கலந்து பாலை நீட்டும் ‘மில்டோன்’ பிறந்ததும் அங்கேதான். எருமைப்பாலில் குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டுபிடித்ததும் அதே நிறுவனம்தான். நாடு எருமைப்பாலின் வழியில் போயிற்று, கடலைப்பால் ஆய்வுத்தாள்களில் தங்கிவிட்டது.

கடைசியாக, உழவர். இந்தக் கேள்விக்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. இரண்டு மாடு வைத்திருக்கும் பெண்ணுக்குப் பால் சங்கத்திலிருந்து வரும் பணம்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம். மழை பொய்த்தாலும் வருவது அது ஒன்றுதான். பெண் கன்றே பெரும்பாலும் பிறக்கும்படி பிரித்த விந்து இப்போது வந்துவிட்டதே என்பார்கள். அது ஆண் கன்றின் சிக்கலைக் குறைக்கலாம், ஐந்தாறு ஈற்றுக்குப் பின் வற்றிய பசு எங்கே போகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. ஒருவர் பாலை நிறுத்துவதால் நாளைக்கே எந்த உழவரும் நொடிக்கப் போவதில்லை, மாற்றம் அவ்வளவு மெதுவாகத்தான் வரும். அந்த மெதுவைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியது அரசின் கடமை. பால் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஊக்கத்தொகை கர்நாடக அரசு பல ஆண்டுகளாகத் தந்துவருகிறது. தெற்கு மாவட்டங்களின் ரேஷனில் கேழ்வரகும் தருகிறது. அதே கையால் கொள்ளுக்கும் அவரைக்கும் நிலக்கடலைக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று உறுதி கொடுக்கட்டும், ஊர்தோறும் பால் சங்கம் போலப் பருப்புச் சங்கம் அமைத்து வாரந்தோறும் கையில் பணம் கொடுக்கட்டும். அது வரும்வரை பாலை விட்டவர்கள் மிச்சமாகும் காசில் கொள்ளையும் அவரையையும் நேராக உழவரிடம், பேரம் பேசாமல் வாங்கலாம்.