பழுதும் பதிலியும்

பழைய பொருளை மீட்டெடுப்பது பற்றிப் பேச்சு வந்தாலே தீஸியஸின் கப்பல் வந்து நின்றுவிடுகிறது. பலகை ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பிறகு அது அதே கப்பல்தானா? 1990-ல் இந்தக் கேள்வி லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போயிற்று. 1929-லும் 1930-லும் லெமான் பந்தயத்தில் வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி காரை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கினார்கள். 1929-ன் உறுப்புகளில் அநேகமாக எதுவும் எஞ்சவில்லை என்பதை நீதிபதி ஏற்றார்; ஆனாலும் அறுபடாத வரலாறு ஒன்று அதற்கு உண்டு, ஆகவே அந்தப் பெயருக்கு அது உரியது என்று தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்புதான். ஆனால் கேள்வி எனக்கு அலுத்துவிட்டது. அது சொத்துக்காரனின் கேள்வி; கார் நின்றுகொண்டிருக்கும்போது மட்டுமே கேட்கத் தக்கது.

ஓடும் கார் வேறொன்றைக் கேட்கும். ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 1962 முதல் 1980 வரை வெளிவந்த எம்.ஜி.பி. என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். துருப்பிடித்துக் கிடந்த ஒன்றை யாரோ வருஷக்கணக்கில் உழைத்து மீட்டிருக்கிறார். பெயின்ட் மின்னுகிறது. மேட்டில், நாலாவது கியரில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறார். எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறுகிறது. வேகத்தைக் காட்டும் முள் இருந்த இடத்திலேயே நிற்கிறது. முதல் முள் எஞ்சினிடம் கேட்டுச் சொல்வது. மற்றது கியர்பெட்டியின் பின்பக்கம், சக்கரத்துக்குச் சக்தி போகும் இடத்தில் கேட்டுச் சொல்வது. இரண்டும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கிளட்ச் நழுவுகிறது.

நழுவுவதையே குற்றமாகக் கொண்டுவிடக் கூடாது. நிற்கும் கார் கிளம்பும் கணத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, சக்கரம் சுழலவில்லை. இந்த வித்தியாசம் எங்காவது கரைந்தாக வேண்டும். ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே லைனிங் வழுக்கி, சூடாகி, மெல்ல மெல்லப் பற்றுகிறது. நழுவத் தெரியாத கிளட்ச் வெறும் இணைப்புத்தான். ஆகப் பழுது என்பது காலை எடுத்த பிறகும் நழுவிக்கொண்டிருப்பது. குணமாக இருந்த அதே செயல் வேளை தப்பியதும் குறையாகிறது. அறவியலில் இவ்வளவு ஸ்தூலமான உதாரணங்கள் அதிகம் கிடைப்பதில்லை.

காரணம் என்ன? சாதாரணக் கார் என்றால் பதில் வயதிலிருந்து வரும்: இத்தனை ஆயிரம் மைல் ஓடியது, லைனிங் தேய்ந்தது. மீட்கப்பட்ட காரில் இந்தத் தர்க்கம் செல்லாது. வயதைத் துடைத்ததுதானே மீட்பு? கிளட்ச் பிளேட் புதிது, ஆயில் சீல் புதிது. ஃப்ளைவீலில் சூட்டால் நீலம் பாரித்த புள்ளிகள் இருந்திருந்தால் லேத்தில் போயிருக்கும். பெல் ஹவுசிங்கின் உள்ளே படிந்திருந்த கறை, எண்ணெய் எந்தப் பக்கத்திலிருந்து வழிந்தது என்று சொல்லியிருக்கும், அதையும் கழுவியாயிற்று. சாட்சிகளை அப்புறப்படுத்திய பிறகு விசாரணை தொடங்குகிறது. (ஒவ்வொரு திருகும் அசலாக இருக்க வேண்டும் என்பவர்கூட லைனிங்கில் அசலைக் கேட்பதில்லை. அந்நாளைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. 1999-ல் பிரிட்டன் அதைத் தடைசெய்தது.) எல்லாமே புதிது என்கிறபோது காலத்தின் மேல் பழி போட முடியாது. தன் கையைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. இது கசப்பானது.

அதனால்தானோ என்னவோ, பலர் உடனே எஞ்சினை இறக்கிவிட முனைகிறார்கள். எம்.ஜி.பி.யில் கிளட்சைக் கண்ணால் பார்க்க எஞ்சினை வெளியே எடுத்தாக வேண்டும். பெரிய வேலையில் மும்முரமாக இருப்பது கேள்வி கேட்காமலிருக்கச் சௌகரியம். ஆனால் காரணம் வெளியிலேயே இருக்கலாம். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளுகிறது. ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைப் பிரிக்கிறது. காலை எடுத்ததும் திரவம் திரும்பிப் போக வேண்டும். தள்ளுகோலில் சிறிது 'ப்ளே' விடாமல் பொருத்தியிருந்தால், அது திரும்பிப் போகும் துளை திறப்பதே இல்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருந்தாலும் இதே கதை. குளிர்ந்திருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். சூடேறியதும் திரவம் விரிகிறது, போக இடமில்லை. யாரும் மிதிக்காத பெடல் மிதிபட்டதுபோல் கிளட்ச் பாதி பிரிந்து நிற்கிறது. நழுவிக்கொண்டிருக்கும் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்லேவ் சிலிண்டரில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்தால் திரவம் பீச்சும். மூடிவிட்டு ஓட்டினால் கிளட்ச் பிடிக்கும். ஒரு ஸ்பானர், ஐந்து நிமிஷம். ஓவர்டிரைவ் உள்ள வண்டியில் அதற்குள்ளேயே கூம்பு வடிவில் தனி கிளட்ச் ஒன்று இருக்கிறது. ஓவர்டிரைவை விலக்கியதும் நழுவல் நின்றால் பெரும்பாலும் அதுதான் குற்றவாளி.

எண்ணெய் விவகாரம் இன்னும் சிக்கலானது. பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் வடிய ஒரு துளை உண்டு. அதில் ஒரு சொட்டுத் தொங்கினால் அது யாருடையது? முன்னால் எஞ்சின், பின்னால் கியர்பெட்டி. வேறு பல கார்களில் மோந்து பார்த்தே சொல்லலாம். கியர் எண்ணெய்க்குக் கந்தக நெடி. எம்.ஜி.பி.யின் கியர்பெட்டிக்கும் எஞ்சின் எண்ணெயையே ஊற்றுகிறார்கள், ஆகவே மூக்கு உதவாது. எஞ்சினுக்குள் எண்ணெய் கறுத்துவிடும் என்பதால் நிறம் உதவலாம். ஆனால் மீட்ட வண்டி சில நூறு மைல்தான் ஓடியிருக்கிறது, இரண்டும் தேன் நிறத்தில் இருக்கின்றன. 1964 வரை வந்த மூன்று பேரிங் எஞ்சினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய மரை எண்ணெயைத் திருப்பி அனுப்ப முயல்கிறது, அவ்வளவே. கொஞ்சம் கசிவது அதன் பிறவிக்குணம். அந்தக் கசிவைக் கண்டு குற்றவாளி அகப்பட்டுவிட்டதாகத் துள்ளுவது அவசரம்.

கடைசியில் எஞ்சினை இறக்கியே தீர வேண்டியிருக்கலாம். அப்போது பட்டறைக்காரர்களின் வாதம் ஒன்று வரும்: இறக்கியது இறக்கியாயிற்று, பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், சீல் நாலையும் மாற்றிவிடு, எது காரணமானாலும் ஒழிந்துபோகும். இதைச் சோம்பல் என்று தள்ள மாட்டேன். இரண்டாம் முறை இறக்க அஞ்சும் விவேகம் இதில் இருக்கிறது. மாற்றட்டும். பார்த்த பிறகு மாற்றட்டும் என்பதுதான் என் பிடிவாதம். பார்க்காமல் மாற்றினால் வண்டி குணமாகிவிடும், பழுது என்னவென்று யாருக்கும் தெரியாமலே போகும். எந்த உறுப்பும் விடுதலை பெறவில்லை, எதன் மேலும் குற்றம் ருசுவாகவில்லை; நாலையும் சேர்த்துத் தண்டித்தாயிற்று. பழி, எவரென்றே தெரியாத முந்தின சொந்தக்காரர் மேல் போய் விழும். நம் பத்திரிகைகளில் ஒரு நாவலைப் 'போலி' என்ற ஒரே சொல்லால் தூக்கி எறிவதும் இதே சிகிச்சைதான். எந்தப் பக்கத்தில் பிடி விட்டது என்று விமர்சகர் பார்த்திருக்க மாட்டார்.

நழுவலைப் பார்க்க நழுவவிட்டாக வேண்டும் என்பது வேறு தொல்லை. ஒவ்வொரு சோதனையும் லைனிங்கைக் கொஞ்சம் எரிக்கிறது. தீய்ந்த நாற்றம் வரும்வரை சோதிப்பவர், இல்லாத பழுதையும் உண்டாக்கிவிடுவார். ஒரு மேடு, ஒரு முறை, இரண்டு முள்ளையும் பார்த்தால் போதும். மறுபக்கம், சமதரையில், மிதமாக ஓட்டிக் காட்டினால் நழுவல் வெளிப்படவே செய்யாது. விற்பவர் பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சாலையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பழுதை அறிந்தவர், கேட்காமலே வாங்குபவரை மேட்டுக்கு அழைத்துப்போகக் கடமைப்பட்டவரா? சட்டம் எப்படிச் சொன்னாலும், ஆம் என்றே நினைக்கிறேன். சமதரையில் ஓட்டிக் காட்டுவதும் ஒரு வாக்குமூலம்தான்.

இறக்கிய எஞ்சினிலிருந்து பிளேட்டைக் கழற்றியதும் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சிதறிய ஈரக் கறை இருந்தால் எண்ணெய். கண்ணாடிபோல் பளபளத்து உலர்ந்திருந்தால் லைனிங் வெந்திருக்கிறது. பாதி வட்டம் மட்டுமே தேய்ந்து மறுபாதி தொடப்படாமல் இருந்தால் ஃப்ளைவீலின் முகத்தையோ பிரஷர் பிளேட் உட்கார்ந்த விதத்தையோ பார்க்க வேண்டும். முழுதும் சீராக, தடிமன் குறையாமல், பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கும் தளராமல் இருந்தால் எஞ்சினை இறக்கியிருக்க வேண்டியதில்லை. பெடலடிக்குத் திரும்பிப் போய்த் தள்ளுகோலை ஆட்டிப் பார்க்க வேண்டும்.