அளவில் குறைப்போர்



83-ஆவது சூராவாகிய முதஃப்பிஃபீனை நாம் கடைத் தராசோடு நிறுத்திவிடுகிறோம். நிறைத்து வாங்கிக் குறைத்துக் கொடுப்பவனுக்கு அல்லாஹுத்தஆலா அதில் விடுக்கும் எச்சரிக்கை சர்க்காருக்கும் உண்டு. துப்பாக்கி தூக்கியவனுக்கும் உண்டு.

நம் டெங்கிலிலும், நாலு வாலிபர் ஆயுதத்தோடு நின்றால்தான் சமூகத்துக்குப் பாதுகாப்பு என்று பேசுகிற தம்பிமார் இருக்கிறார்கள். அவர்கள் இலங்கையைப் பார்க்கட்டும்.

1948-ல் வெள்ளைக்காரன் போனான். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது போலீசும் பட்டாளமும் பல இடங்களில் கைகட்டி நின்றன. வரியை நிறைத்து வாங்கிய சர்க்கார் காவலைக் குறைத்துக் கொடுத்தது. சட்டத்தில் நியாயமில்லை என்று கண்ட வாலிபர்கள் கூட்டங்கூட்டமாய் ஆயுத இயக்கங்களில் சேர்ந்தார்கள். அவர்களுடைய மனக்குறை பொய்யல்ல. முஸ்லிம்களாகிய நாமும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் துப்பாக்கி யார் பக்கம் திரும்பியது? 1990 ஆகஸ்ட் 3-ஆம் தேதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகைக்கு நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அக்டோபர் 30-ல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கெடு! வடமாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 70,000 பேர் வெளியேற்றப்பட்டனர். பாட்டனார் காலத்துக் கடை, சரக்கு, கல்லாப்பெட்டி, கடன் புத்தகம் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. வியாபாரிகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பேசியதும் நம்மைப்போல் தமிழ்தான். தன் ஜனங்களுக்கு உரிமையை நிறைத்துக் கேட்ட இயக்கம், அண்டைவீட்டானுக்கு ஒரு பொழுதுகூட அளந்து கொடுக்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் நாமும் குறைத்து அளந்தவர்களாவோம். சர்க்கார் முஸ்லிம் ஊர்க்காவலர்களுக்கும் துப்பாக்கி கொடுத்திருந்தது. 1992 ஏப்ரலில் அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் முஸ்லிம்களைக் கொன்றார்கள். உடனே பக்கத்துக் கரப்பொலை, முத்துக்கல் கிராமங்களில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் உண்டு. கொன்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். ஒரு கூட்டத்தார் மேலுள்ள பகை உங்களை நீதியை விட்டு விலக்கிவிடக் கூடாது என்ற மாயிதா சூராவின் கட்டளை அன்று எங்கே போயிற்று?

தூரத்துக் கதை என்று சொல்லாதீர்கள். 1969 மே 13-ல் கோலாலம்பூரில் மூண்ட கலவரத்தில் சர்க்கார் கணக்குப்படியே 196 உயிர்கள் போயின.

2009-ல் யுத்தம் முடிந்தும், புத்தளம் பக்கத்தில் தங்கிவிட்ட யாழ்ப்பாணக் குடும்பங்கள் பல. வரும் ஜும்ஆவில் அவர்களுக்காகத் துவாச் செய்யுங்கள். கரப்பொலைக்காரர்களையும், முத்துக்கல்காரர்களையும் அதே துவாவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.