“ஆண்டவர் என்னை எடுத்துக்கிட்டா போதும்”



வீடுசந்திப்புக்குப் போகிற இடங்களில் வயதான விசுவாசிகள் பலர் என்னிடம் இந்த வார்த்தையைச் சொல்லுகிறார்கள். உடனே பிள்ளைகள், “அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். நாமும் ஒரு ஜெபம் பண்ணி, காபி குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்தத் தாயார் சொன்னது அவிசுவாசமா, வியாதியா, ஆயத்தமா? யாரும் கேட்பதில்லை.

நெதர்லாந்து தேசத்தில் இது மருத்துவர்களையே கலக்கினது. 1998-ல் எட்வர்ட் பிராங்கர்ஸ்மா என்ற 86 வயது முன்னாள் செனட்டர் தன் குடும்ப டாக்டரின் உதவியோடு உயிரை விட்டார். பெரிய வியாதி ஒன்றுமில்லை. சரீரம் தளர்ந்தது, சிநேகிதர் போய்விட்டார்கள், வாழ்க்கை வெறுமையாயிற்று, அவ்வளவுதான். நிபந்தனைகளோடு கருணைக்கொலையை அனுமதிக்கும் சட்டம் 2002 ஏப்ரலில் அங்கே அமலுக்கு வந்தது. ஆனாலும் அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், டாக்டர் செய்தது குற்றமே, தண்டனை மாத்திரம் இல்லை என்றது. நோயினால் வராத வேதனையை அளப்பது மருத்துவ அறிவுக்கு அப்பாற்பட்டதாம்.

இந்தத் தீர்ப்பில் பாதிதான் எனக்குச் சம்மதம். தனிமைக்கு ஊசி மருந்தல்ல, சரி. ஆனால் டாக்டர் ஒதுங்கிக்கொண்டால் அந்தக் கிழவரிடம் யார் பேசுவது?

நல்ல டாக்டர் திட்டுவதில்லை, கேட்கிறார். “ஏன் இப்படித் தோணுது? வலி தாங்கலையா? ராத்திரி தூக்கம் வருதா? பிள்ளைகளுக்குப் பாரமா இருக்கோம்னு நினைக்கிறீங்களா?” கேட்பதினால் சாவு நினைப்பு புதிதாக வந்துவிடாது. முதியவர்களின் மனச்சோர்வு அழுகையாகவே வருமென்றில்லை. சாப்பாடு வேண்டாம், உடம்பெல்லாம் வலி என்றும் வரும். அதற்கு மாத்திரையும் ஆலோசனையும் உண்டு. ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் கொடுமை! வலி குறைந்ததும் பேரன் கல்யாணத்தை விசாரிக்கிறவர்கள் உண்டு. சூரைச்செடியின் கீழே எலியா சாவைக் கேட்டபோதும் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டான்.

பாரம் என்கிற நினைப்போ பலமுறை வீட்டிலேயே பிறக்கிறது. மருந்துச் செலவைப் பற்றி அடுத்த அறையில் முணுமுணுப்பது அவர்கள் காதில் விழாதா?

சிலர் உண்மையாகவே ஆயத்தமாயிருக்கிறார்கள். குழாயும் மெஷினும் வேண்டாம் என்பார்கள். அது தற்கொலையல்ல. குணமாக வழியில்லாத நிலையில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைக்க நம் உச்ச நீதிமன்றமே 2018-ல் இடங்கொடுத்தது. 2023-ல் முறையையும் எளிதாக்கி, இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி போதும் என்றது. ஆனால் புத்தி தெளிவாயிருக்கும்போது அவர்களே மனதார எழுதவேண்டும். சொத்தை எழுதி வாங்குகிறதுபோல பிள்ளைகள் எழுதி வாங்கக்கூடாது.