பெயர்க்காரணமும் அறமும்

தமிழ் இலக்கணத்தார் பெயர்களை, காரணம் கருதி இட்ட காரணப்பெயர் என்றும், காரணமின்றி மரபாக வழங்கிவரும் இடுகுறிப்பெயர் என்றும் இருவகையாகப் பகுத்தனர். டென்மார்க்கின் பில்லுண்டில் 1932-இல் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கிய தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென், 'நன்றாக விளையாடு' என்னும் பொருளுடைய டேனிய மொழித் தொடரைச் சுருக்கி 1934-இல் தம் நிறுவனத்துக்கு இட்ட 'லெகோ' என்னும் பெயர், பிறப்பால் காரணப்பெயர். ஆயினும் அக்காரணத்தை அறியாத குழந்தைகளின் நாவில் அது இடுகுறியாகவே வழங்குகிறது.

அறியாமல் வழங்குவது பிழையாகுமா? ஆகாது. பெயர் ஒன்றைச் சுட்டுவது, அதைச் சொல்பவரின் அறிவால் அன்று, முதலில் இட்டவர் தொடங்கி ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிவரும் வழக்குத் தொடரால்தான் என்று அமெரிக்க மெய்யியலாளர் சால் கிரிப்கி 1970-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் விளக்கினார்.

ஆனால், மெய்யியல் அத்துடன் நின்றுவிடலாகாது. மர வாத்துகளுக்கு மூன்று முறை பூச வேண்டிய மெருகெண்ணெயை இருமுறை மட்டும் பூசி அனுப்பிய தம் மகனை, அவற்றைத் திரும்பப் பெற்று மீண்டும் பூசுமாறு கிறிஸ்டியன்சென் பணித்தார் என்று அந்நிறுவன வரலாறு கூறுகிறது. பெயருக்குள் ஒரு வாக்குறுதி அடங்கியிருப்பதையும், அதைக் காக்கப் பெயரிட்டவர் கடமைப்பட்டிருப்பதையும் இச்செய்தி உணர்த்துகிறது. காரணத்தை அறிந்த சமூகமே அவ்வாக்குறுதி காக்கப்படுகிறதா என்று கேட்க இயலும்; ஆதலின் பெயர்க்காரண அறிவு மொழிவழக்குக்கு இன்றியமையாததன்று எனினும் அறத்துக்கு இன்றியமையாதது.