கேளாத வினா



ஆட்டிசம் என்னும் தன்மையுடைய மக்களைப் பெற்றவர்கள் நம் சமணக் குடும்பங்களிலும் உளர். வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து ஊர்களை விட்டு ஆலைப் பணிக்காக ஒசூரில் குடியேறியவர்கள், ஒசூர்ச் சாலையிலேயே அமைந்துள்ள பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்கின்றனர். “இதனை அடியோடு நீக்கும் மருந்து எப்போது வரும்?” என்பதே பெற்றோர் கேட்கும் முதல் வினா. அம்மருந்தை அப்பிள்ளை விரும்புமா என்னும் வினாவையோ ஒருவரும் கேட்பதில்லை. அதனை இங்குச் சிந்திப்போம்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் இத்தன்மையை விரித்து எழுதினார். தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்ற கொடும்பழி பின்னர்ப் பல்லாண்டுகள் நிலவிற்று. 1964இல் பெர்னார்டு ரிம்லாண்ட் என்பார் தம் நூலில் அதனை மறுத்தார். இது மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. பெரிதும் மரபணு வழிப்பட்டது. இதனை முற்றும் நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

1993இல் கனடாவின் டொராண்டோ நகரில் பெற்றோர் கூடிய மாநாட்டில், ஆட்டிசம் உடையவராகிய ஜிம் சின்கிளேர் உரையாற்றினார். “எங்களுக்காகத் துக்கம் காக்க வேண்டா” என்பதே அவ்வுரையின் கருத்து. ஆட்டிசம் என்பது வேறொரு பிள்ளையை உள்ளே அடைத்து வைத்திருக்கும் ஓடு அன்று. அது நீங்குக என வேண்டுவது, இப்பிள்ளை போய் மற்றொரு பிள்ளை வருக என வேண்டுவதாகும் என்று அவர் விளக்கினார். விலங்கறிவியல் பேராசிரியை டெம்பிள் கிராண்டினும் தம் ஆட்டிசத்தை இழக்க விரும்பவில்லை என்று கூறியுள்ளார். காட்சிகளாகவே சிந்திக்கும் தம் ஆற்றல் அதனோடு பிறந்தது என்பது அவர் கருத்து. ஆயினும், துன்பம் மிகுதியால் மாற்றம் வேண்டுவோரும் அவர்களுள் உளர். வாய் திறந்து பேச இயலாதோரின் விருப்பத்தை நாம் அறிய முயன்றதே அரிது. ஆகவே விடை ஒன்றன்று. ஒரு பக்கத்தை மட்டும் கண்டு முழுமை என்று கொள்ளாதே என்பதுதானே அநேகாந்தம் நமக்குக் கற்பித்த பாடம்!

“இது முன்வினைப் பயன்” என்று சொல்லி அகல்வோர் உளர். உடல் எடுத்த அனைவருக்கும் அவ்வுடலைத் தந்தது நாமவினையே. நம் உடலும் அதற்கு விலக்கன்று. மற்றோர் உயிரின் ஆற்றலுக்கும் பயனுக்கும் இடையூறு செய்பவருக்கு அந்தராய வினை வந்து சேரும் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். பிள்ளையின் வினையை ஆராயுமுன் நாம் ஈட்டும் வினையை எண்ணுதல் நன்று.

பிராணன்கள் பத்து என்பர் நம் ஆசாரியர். ஐம்பொறிகளும் அவற்றுள் அடங்கும். பேரொலி இம்மக்களுள் பலருக்குச் செவியில் பாயும் வேல் போன்றது. ஆலயத்தில் ஒலிபெருக்கி முழங்க, காதைப் பொத்திக்கொண்டு அலறும் சிறுவனை அதட்டி அமர்த்துகிறோம். பொறியை நலிவித்தல் இம்சையாகாதோ? ‘ஸ்டெம் செல்’ சிகிச்சையால் ஆட்டிசம் குணமாகும் என்று சொல்லிப் பெரும்பொருள் பறிப்போரும் உளர். இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு ஏற்கப்பட்ட சிகிச்சை தவிர, பிறவற்றுக்கு அதனை ஆய்வாக அன்றிச் செய்யலாகாது என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. வேண்டா என்று சொல்ல இயலாத உடலில் ஊசி ஏற்றுமுன் பன்முறை எண்ணுக.

வலிப்பு, உறக்கமின்மை, தன்னையே அடித்துக்கொள்ளுதல் ஆகிய துன்பங்களுக்கு மருத்துவம் செய்தே ஆகவேண்டும். துன்பத்தைத் தணிப்பது கருணை. இயல்பையே அழிக்க முயல்வது வேறு.

பெற்றோரின் உள்ளத்தை நான் அறியாதவள் அல்லள். “எமக்குப் பின் இவனுக்கு யார்?” என்ற அச்சமே அவர்களை மருந்து தேட வைக்கிறது. அவ்வச்சத்தை நீக்க வேண்டிய கடன் சமூகத்துக்கு உரியது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறைந்த பின்னும் துணை தேவைப்படுவோருக்குச் சட்டக் காப்பாளர் அமர்த்தலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தார் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ளூர்க் குழுவை அணுகலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுள்ளது.

ஒசூரில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. அண்டை வீட்டாருக்குத் தமிழ் தெரியாமையை நாம் நோய் என்பதில்லை. அவர் மொழியில் நான்கு சொல் கற்கிறோம். இப்பிள்ளைகளுக்கும் மொழி உண்டு. படம் காட்டிக் கேட்டால் சிலர் விரலால் சுட்டுவர், சிலர் எழுதுவர், சிலர் முகம் திருப்பி மறுப்பர். மறுமொழி தாமதமாக வரும் மாணவனுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம். அக்காத்திருத்தல் இங்கும் வேண்டும்.

உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வன என்பது நம் நெறி. உதவுமுன் கேட்போம், கேட்டபின் விடைக்குப் பொறுத்திருப்போம்.

அறம் வெல்க!