பாட்டுக்கும் பழியில் பங்குண்டோ?

பாட்டு மனிதனைப் பண்படுத்தும் என்பது நாம் பலகாலமாகக் கூறிவரும் வார்த்தை. அவ்வாறாயின், பாட்டு மனிதனைக் கெடுக்கவும் வல்லதோ என்னும் வினாவும் உடன் எழுதல் வேண்டும். முன்னதை ஏற்றுப் பின்னதை ‘வெறும் பாட்டுத்தானே’ என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

மலையக வரலாறே இதற்குச் சான்று பகரும். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டத் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். அப்பாடல்கள் 1940 இல் நூலுருவும் பெற்றன. பாட்டால் ஒரு சமுதாயத்தை விழிக்கச் செய்யலாம் என்று நாம் பெருமையோடு கூறுகிறோம். விழிக்கச் செய்யும் கருவி உறங்க வைக்கவும் கூடும் அன்றோ?

1959 இல் வெளிவந்த ‘வண்ணக்கிளி’ திரைப்படத்தின் புகழ்பெற்ற பாடலொன்று, தண்டிப்பதையும் தழுவுவதையும் ஒரே கரத்தின் இரு செயல்களாக இணைத்துக் காட்டுகிறது. 2011 இல் வெளிவந்த ‘மயக்கம் என்ன’ படத்தின் ‘காதல் என் காதல்’ என்னும் பாடலிலோ, காதலால் நொந்த ஒருவன் பெண்ணை அடிக்கவும் உதைக்கவும் சொல்லும் சொற்கள் வேடிக்கையாக ஒலிக்கின்றன. ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் மெட்டு மாறியது, அடி மாறவில்லை.

பசறைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்திலே வளர்ந்தவள் நான். ஒரு காம்பிராவின் அழுகை அடுத்த காம்பிராவுக்குக் கேளாமற் போவதில்லை. பெரட்டுக் களத்திலே பகலெல்லாம் பிறர் ஏவலுக்குத் தலைகுனிந்தவன், இரவிலே மதுவோடு வந்து தன் ஆட்சியை மனைவியின் முதுகிலே நிறுவுவான். அவ்வேளை அயலார் செய்தது ஒன்றே: வானொலியின் ஒலியைக் கூட்டினர். அழுகைக்கு மேலே பாட்டு எழுந்தது. மறுநாள் கொழுந்து மலையில், “அடிச்சாலும் அவருதானே பார்த்துக்கிறாரு” என்று அந்த அக்கா சொன்னார். அவரும் கூடை சுமந்து உழைப்பவர். 1984 முதல் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமே. யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்று நான் அன்று கேட்கவில்லை. அச்சொற்கள் அவருடையவை அல்ல என்பது பின்னரே புரிந்தது.

பாட்டுக் கேட்டதனால் எவனும் கையை ஓங்கினான் என்று கூறல் மிகையாகும். வறுமை, மது, ஆண் என்னும் அதிகாரம் ஆகியன பாட்டுக்கு முந்தியவை. பாட்டின் பங்கு அடி விழுந்த பின்னரே தொடங்குகிறது. அடித்தவனுக்கு அது நியாயத்தையும், அடிபட்டவளுக்கு ஆறுதலையும், அயலானுக்குச் சாக்கையும் வழங்குகிறது. வன்முறையைப் பிறப்பிப்பதிலும் அதனை இயல்பாக்குவதிலேயே பாட்டின் குற்றம் அடங்கியுள்ளது.

கதையிலே தீயவனும் பேசத்தானே வேண்டும் என்பர் சிலர். உண்மையே. ஆயினும் பாடல் கதையை விட்டுப் பிரிந்தே பயணம் செய்கிறது. பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பேரூந்திலே பாட்டு மட்டுமே ஏறுகிறது, கதை ஏறுவதில்லை.

தடை விதித்தல் தீர்வாகாது. இன்று பாட்டைத் தடைசெய்யும் கை, நாளை மீனாட்சி அம்மாள் போன்றோரின் பாட்டையும் தடைசெய்யும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறையைத் தடுத்தற் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றிலே பாதுகாப்புக் கட்டளை பெற வழியுண்டு. எனினும், 2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வு, இந்நாட்டிலே துணைவருடன் வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உட்பட்டதாகக் கூறுகிறது. ‘குடும்ப விடயம்’ என்னும் சொல் நிற்குமிடத்திற் சட்டம் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

எனவே கடமை கேட்போராகிய நம்முடையது. ஒப்பாரியிலே தன் குறையைத் துணிந்து கூறிய பெண்ணின் குரல் நம் மரபில் உண்டு. அக்குரலுக்குப் புதிய பாடல்கள் பிறக்கட்டும். அதுவரை, அடுத்த காம்பிராவில் அழுகை எழும்போது வானொலியின் ஒலியைக் குறைப்போம். எழுந்து சென்று கதவைத் தட்டுவோம். அன்று நாங்கள் தட்டவில்லை.